எதிர்ச்சுவர்

வீடு டி.வி.யில் பார்த்ததைவிடச் சிறியது. பச்சைப் பெயின்ட் உரிந்து, மதிய வெயிலில் தேமே என்று நின்றது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல். தம்பியோ காரைவிட்டு இறங்காமலே கண்ணாடி வழியாக வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் வாரம் தவறாமல் நாங்கள் பார்த்த சிரிப்புத் தொடரை எடுத்தது இந்த வீட்டில்தான். அப்போது அவனைக் குண்டு என்று கூப்பிடுவோம், அந்தப் பேர் நிலைத்துவிட்டது. இப்போது கைத்தாங்கலாக இறக்கினால் கனமே இல்லை. பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் விடுவதாக இல்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் புது மருந்து தருகிறார்கள், அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். அவன்தான் மாட்டேன் என்று அடம். இந்த வீட்டைக் காட்டினால் யோசிப்பதாகச் சொன்னான், வந்தோம்.

சாவி வைத்திருந்த அம்மாள் பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு நடந்த காலத்திலும் இங்கே அவர்தான் வேலைக்கு. தொடரில் கேட்கும் சிரிப்புக்கு ஆட்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்று குண்டு ஆவலாகக் கேட்டான். ஆளாவது மண்ணாவது, சிரிப்பையெல்லாம் வேறெங்கோ பதிவு செய்து பிறகு சேர்த்தார்கள் என்று சொல்லி, கூடத்தைத் திறந்துவிட்டுப் போனார்.

உள்ளே பாச்சை உருண்டை நெடி. மாடிப்படி, சோபா, தொடரில் வரும் அப்பாவின் சாய்வு நாற்காலி, எல்லாம் அப்படியே. எங்களுக்குப் புதிதாக இருந்தது எதிர்ச்சுவர் ஒன்றுதான். கேமரா அந்தப் பக்கம் இருந்ததால் அதைக் காட்டியதே இல்லை. ஜன்னல்கூட இல்லாத வெறும் சுவர்.

குண்டு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "நாற்காலி பெருசாயிடுச்சா, நான் சின்னவனாயிட்டேனாக்கா?"

எதிர்ச்சுவர் சிரித்தது.

ஒரு கூட்டமே சேர்ந்து சிரிக்கும் சத்தம். எழுந்து, பரவி, சட்டென்று அடங்கியது.

போகலாம் என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். அதற்கும் சிரித்தார்கள். கெஞ்சினேன், இன்னும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு குழந்தைக் குரல்கள் காதில் விழுந்தன. பையன் சிரித்துச் சிரித்து விக்கினான். சின்ன வயதில் குண்டு அப்படித்தான் சிரிப்பான், அம்மா தண்ணீரோடு ஓடிவருவாள். பக்கத்தில் கீச்சென்று சிரித்த பெண், நான்.

டி.வி.யில் நாங்கள் பார்த்தது அந்தப் பக்கம் இருந்துதானே.

அவனுக்கும் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "எப்படிச் சிரிக்கறான் பாருக்கா," என்று கிசுகிசுத்தான்.

 அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், எனக்காக ஒரே ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொல்லுடா என்று அழுதேன். சுவர் கப்சிப் என்றானது. அவர்களும் அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவன் என் தலையைத் தடவினான்.

"சரிக்கா. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்."

அதுவரை கேட்காத சிரிப்பு வெடித்தது. தரையை உதைத்து, கை தட்டி, மூச்சுத் திணறச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். அடுத்து வருவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விக்கிக்கொண்டிருந்த பையனின் குரல் பாதியில் நின்றது.

என் தலைமேல் இருந்த கை நழுவியது.

"டேய் குண்டு."

கன்னத்தைத் தட்டினேன். மூக்கருகே விரல் வைத்தேன்.

மூச்சு இல்லை.

என் அலறலைக் கேட்டு அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். நாற்காலியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு படிக்கட்டின் அடியில், சோபாவின் பின்னால் என்று கோபமாக எதையோ தேடினார்.

"உயிர் போன எடத்துல யாரும்மா அந்தப் பொண்ணு? கீச்சுன்னு சிரிக்கறத நிறுத்தச் சொல்லும்மா."