அத்தானின் தொண்டையில் இருந்தது

கொள்ளைநோய் ஓய்ந்ததிலிருந்து மருத்துவமனையின் பின்கட்டில் அந்தக் காய்ச்சல் வார்டு பூட்டியே கிடந்தது. புதிய சிகிச்சைக்குத் தனியறை கேட்டபோது அதைத்தான் திறந்து கொடுத்தார்கள். பட்டப்பகலில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு தங்கை நுழைந்தாள். சுவரில் ஊறிய ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

அக்காவின் மூளையில் கட்டி. கத்தி வைக்க முடியாத இடம்.

தங்கை வைரஸ் ஆராய்ச்சிக்காரி. அவள் கொண்டுவந்த குப்பியில் இருந்தது, இதே வார்டில் அத்தானைக் கொன்ற வைரஸ். அவர் தொண்டையிலிருந்து எடுத்ததை வருடக்கணக்காக வளர்த்து, விஷப்பல்லைப் பிடுங்கி, கட்டியை மட்டும் தின்னப் பழக்கியிருந்தாள்.

"என்ன ஆகும்னு உன்னால சொல்ல முடியுமாம்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டிருந்தார்.

"எலிக்கு என்ன ஆச்சுன்னுதான் சார் சொல்ல முடியும்."

அக்காவின் தலையில் பொருத்தியிருந்த மெல்லிய குழாயில் ஊசியைச் செருகினாள்.

பக்கத்துக் கட்டில் காலி.

அங்கிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது.

இழுத்து, திணறி, நெஞ்சில் நீர் கோத்த மூச்சு. கண்ணாடிக்கு வெளியே நின்று அத்தானின் கடைசி மூச்சுவரை கேட்டவள் தங்கை. அவளுக்கு அது மறக்குமா?

எதுவோ ஊசி பிடித்த அவள் மணிக்கட்டைப் பற்றியது. ஈரமாக. காய்ச்சல் சூட்டோடு.

"வேண்டாம்." காலிக் கட்டிலிலிருந்து அத்தானின் குரல்.

"அக்கா... கேட்டுச்சா?"

"கூடவே வாழ்ந்தவளுக்குக் கேக்காதா?" அக்கா காலிக் கட்டிலை முறைத்தாள். "நீங்க சும்மா இருங்க. உங்களை முழுங்கினது எனக்காவது உழைக்கட்டும். செத்தா உங்ககிட்டதானே வரப்போறேன், அப்ப வந்து திட்டுங்க."

பிடி தளரவில்லை.

அக்கா கையை உயர்த்தி, தங்கையின் விரல்களோடு சேர்த்து ஊசியை அழுத்தினாள்.

அதன்பின் தங்கை கணித்தது ஒன்றுகூட நடக்கவில்லை. காய்ச்சல் வருமென்றாள், வரவில்லை. கட்டி சுருங்குமென்றாள், வீங்கியது. பெரிய டாக்டர் கைவிரித்தார். தங்கை ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதாள். எல்லோரும் நம்பிக்கை இழந்த பிறகு, கட்டி தானாகக் கரையத் தொடங்கியது. கடைசி ஸ்கேனில் தடமே இல்லை.

"எப்படிடி?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

வீடு திரும்பும் நாளில் அக்கா காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். தங்கை வண்டியைக் கிளப்பியதும், அவளுக்குப் பக்கத்து முன்சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது.

முன்சீட்டில் யாருமில்லை.

"மாட்டிவிட்டுட்டு வண்டிய எடு," என்றாள் அக்கா, குரல் பிசிறாமல்.

தங்கை எட்டி பெல்ட்டை மாட்டினாள். மணி நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஓர் ஆளின் மார்பளவுக்கு முன்தள்ளி நின்று, மெல்ல ஏறி இறங்கியது.