காக்காப்பொன் கொட்டிய படிக்கட்டு

“ஐயோ... என் பை!”

அவன் கத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவன், ஆய்வகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் மேல் முட்டிக்கொண்டான். பை கிழிந்தது. பொன்னிறச் செதில்கள் அவள் செருப்பு, புடவை ஓரம், படிக்கட்டு எங்கும் சரசரவென்று கொட்டின.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சுதுங்க... அதான் தடுமாறிட்டேன்.”

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குள் இப்படி ஒரு குறும்பா? சட்டென்று குனிந்து ஒரு செதிலை எடுத்து நகத்தால் கீறினாள்.

“எங்கேருந்து இது?”

“எங்க குன்னுலேருந்து. புதுக் குழி. காக்காப்பொன்னுங்க.”

“காக்காப்பொன்னா!” அவள் கண்கள் விரிந்தன. “ஒரு காலத்துல காக்காப்பொன்னா இருந்தது, அவ்வளவுதான். மழைத்தண்ணி ஏடு ஏடா உள்ள புகுந்து, அங்க இருந்த பொட்டாசியத்தக் கிளப்பிவிட்டுட்டு, அதே எடத்துல குடியேறிடுச்சு. இப்ப இதோட பேரு வெர்மிகுலைட்.”

“அந்தப் பேரச் சொல்லித்தாங்க விக்கறோம். எவ்வளவு நாளாச்சு, தண்ணி குடியேற?”

“லட்சக்கணக்கான வருஷம்கூட ஆகியிருக்கும்.”

“அடேங்கப்பா... நான் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்னதுக்கே அலுத்துக்கிட்டேன்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் அண்ணனும் சேர்ந்து உலை நடத்துகிறார்களாம். சூடு பட்டதும் உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் ஆவியாகி, செதில் புழுவைப் போல நெளிந்து நெளிந்து எழுமாம். பத்து மடங்கு, பதினைந்து மடங்கு... நாற்றுத் தொட்டிக்கும் போகும், தீப்பிடிக்காத பலகைக்கும் போகும். கையை விரித்து விரித்து அவன் சொன்ன அழகில் அவள் மழையை மறந்தாள்.

“சாம்பிள் குடுக்கத்தான் வந்தேன். யாருகிட்ட குடுக்கணும்?”

“அதுல பாதி என் புடவையில இருக்கு. மீதிய என் கையில குடுங்க... பரிசோதிக்கறது நான்தான்.”

மதியம் வரை அவள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள்... மெட்டு நின்றது.

செதில்களுக்கு நடுவே ஊசிகள். மெல்லிய, நேரான, கண்ணாடி போன்ற ஊசிகள். ஒன்று... நான்கு... பதினொன்று. எக்ஸ்ரே கருவியிலும் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. உடனே போனை எடுத்தாள்.

“அந்தக் கல்லை உலையில போட்டுடாதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கு. மூச்சோட உள்ள போனா நுரையீரலை விட்டுப் போகாது.”

அந்தப் பக்கம் அவன் குரல் தாழ்ந்தது. “நாளைக்குக் காலைல போடறதா இருந்தோம்... அண்ணன் வாயக்கட்டி வயித்தக்கட்டிப் பிடிச்ச குன்னுங்க அது.”

“எனக்குப் புரியுது. ஆனா ரிப்போர்ட்டை மாத்தச் சொல்லி மட்டும் கேக்காதீங்க.”

“நான் கேட்டேனா?”

போன் வைக்கப்பட்டது.

ஒன்பது நாட்கள்... எத்தனையோ தடவை போனை எடுத்து எடுத்து வைத்தாள். ‘கேட்காதவனைக் கேட்டவனாக்கிட்டியேடி!’ என்று மனம் இடித்தது. ‘அவரே பேசட்டுமே’ என்று வீம்பு தடுத்தது. கதவு கிறீச்சிடும்போதெல்லாம் கண் மட்டும் கேட்காமல் அங்கே ஓடியது.

பத்தாம் நாள் வந்தது அவன் இல்லை. கனத்த உடம்பும் உரத்த குரலுமாக ஒருவர்.

“ரிப்போர்ட் எழுதின அம்மா நீங்கதானா? நான் அவனோட அண்ணன்.”

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்!

“அவன் அந்தக் கல்லு மூட்டை மேலெல்லாம் ஈரத் தார்ப்பாயப் போட்டு மூடிட்டு, உலைக்கு முன்னால பெஞ்சப் போட்டு உக்காந்துட்டாம்மா. ‘பத்து பேரு இங்க மூச்சு விடறாங்க, மொதல்ல என்னைத் தூக்கி உள்ள போடு’ன்னான். நானும் கத்துனேன்... அந்தப் பத்துல எங்க அக்கா வீட்டுக்காரரும் ஒருத்தர். அவரு முகத்தப் பாத்தேன், உலையப் பத்தவைக்க மனசு வரல. அந்த மூட்டைங்கள முறைப்படி அப்புறப்படுத்த ஆள் வந்தாச்சு. இவன் குன்னோட மறுபக்கம் தோண்டிக்கிட்டே கெடக்கறான்.” ஒரு பாட்டிலை மேஜை மேல் வைத்தார். “இதான் அந்தப் பக்கத்து சாம்பிள்.”

“அவர்... வரலையா?”

“வெக்கம்! ‘சிபாரிசுக்கு வந்தவன்னு நெனச்சுடுவாங்க’ங்கறான்.”

அவள் பாட்டிலை அவர் பக்கமே தள்ளினாள். “இதை வாங்க முடியாதுங்க. தோண்டினவரே நேர்ல கொண்டுவரணும்... அதான் ரூல்.”

“அது எந்த ரூலும்மா?”

“இப்பத்தான்... போட்டேன்.”

அண்ணன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஆய்வகமே அதிரச் சிரித்தார்.

மறுநாள் கதவு திறந்த நேரத்துக்கே அவன் நின்றான். கையில் பாட்டில். முழங்கை வரை மண் கீறல்கள். பாட்டிலை மேஜை மேல் வைத்தான். அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ஒரு தட்டு, இரண்டாவது, மூன்றாவது. எக்ஸ்ரே கருவியிலும் வைத்துப் பார்த்தாள்.

“வாங்க... நீங்களே பாருங்க.”

பார்த்தான். செதில்கள், செதில்கள் மட்டும்.

“ஊசி?”

“ஒண்ணுகூட இல்ல!”

“நிஜமாவா?” சின்னப் பையனைப் போலத் துள்ளியவன் நாற்காலியில் இடித்துக்கொண்டான். இருவரும் சிரித்தார்கள்.

“அன்னிக்கு போன்ல சொன்னேனே... அது தப்பு. நீங்க அப்படிப்பட்டவர் இல்ல,” என்றாள்.

“அத விடுங்க. நீங்க ஒரு பேச்சு சொன்னீங்க, பத்து பேரு பொழைச்சாங்க.” காலிப் பாட்டிலை உருட்டிக்கொண்டே நின்றான். “ஆனா ஒரு சிக்கல். சாம்பிள் பாஸாயிடுச்சு... இனிமே இங்க வர எனக்குக் காரணம் இல்ல.”

“காரணம் இல்லாட்டி வரமாட்டீங்களா?”

“வராம என்னால முடியாதுங்க. மறுபக்கம் தோண்டுனது அண்ணனுக்காகத்தான்... ஆனா மம்மட்டிய எறக்கும்போதெல்லாம் உங்க முகம்தான் வந்துச்சு. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப.”

காதுமடல் வரை சூடேறியது அவளுக்கு. தலை நிமிராமலே முடிவுத் தாளில் கையெழுத்திட்டு அவனிடம் நீட்டினாள்.

“பத்து நாளா எனக்கு வேலையே ஓடல, தெரியுமா? கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்... எனக்கும்தான் பிடிச்சிருக்கு. போதுமா?”

“போதாது... இன்னொரு தடவ சொல்லுங்க!”

சொன்னாள்.