நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரி

"நாலு மணிக்கு என் வேலை போயிடும்" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். மணி அப்போது இரண்டரை.

உள்ளே இருந்தவர் ஊருக்குத் துப்பறிவாளர், கொழுந்தனுக்கு அண்ணி. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். கொழுந்தனுக்கோ அதற்குள் கைகால் பரபரத்தது. வாரக் கணக்காக ஒரு வழக்கும் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

"கணினி இயங்குதளத்துக்குக் கையேடு எழுதுறவ நான். அதுல விருந்தாளிக் கணினிக்குன்னு ஒரு பகுதி."

"கணினிக்குமா விருந்தாளி?" என்றான் கொழுந்தன்.

"ஒரு கணினிக்குள்ளேயே தனிக் கணினி மாதிரி இன்னொண்ணு ஓடும். உள்ள இருக்கிறது விருந்தாளி, வெளிய இருக்கிறது வீட்டுக்காரர். விருந்தாளியை நிறுத்தி எழுப்பினா, அதோட கடிகாரம் நின்ன இடத்துல இருந்துதான் ஓடும். வீட்டுக்காரரைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கிற அமைப்பை நாமதான் போட்டுவிடணும். அதைத்தான் நாற்பத்திரண்டாம் பக்கத்துல கடைசி வரியா எழுதினேன். வெளிவந்த கையேட்டுல அந்த வரியே இல்ல."

கையேடு நேற்று மாலை வெளியானது. இன்று காலை ஒரு பேருந்து நிலையம் அதை நம்பி ஒரு விருந்தாளிக் கணினியில் அறிவிப்புப் பலகையை அமைத்தது. தகவல்களை நகலெடுக்க அதை ஒரு மணி நேரம் நிறுத்தி எழுப்பியதும் பலகை ஒரு மணி நேரம் பின்தங்கிவிட்டது. பலகையை நம்பி உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணெதிரே பேருந்துகள் கிளம்பிப் போயின.

"நேத்து காலை எட்டரைக்கு வரி நீக்கப்பட்டதுன்னு கோப்போட மாற்றப் பதிவு சொல்லுது. ஒன்பதரை வரைக்கும் ஆபீஸ்ல நான் மட்டும்தான். எங்க எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல், அதனால யார் பண்ணினதுன்னு பதிவுல தெரியாது. ரெண்டு நாள் சோதனை பண்ணி எழுதின வரிங்க அது. அதை நானே அழிப்பேனா?" அவள் குரல் உடைந்தது.

"கிளம்பலாம்" என்றார் அண்ணி. கொழுந்தன் ஏற்கெனவே செருப்பை மாட்டியிருந்தான்.

அலுவலகச் சுவரில் மேலாளரின் கட்டளை பெரிய எழுத்தில் தொங்கியது: 'கையேட்டில் ஓர் அமைப்புக்கு ஒரே பக்கம்.' மேலாளர் கையில் வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. பக்கம் அமைப்பவர் ஒரு மேசையில். அவருக்கு அங்கே கத்திரி என்று பட்டப்பெயர். எதிர் மேசையில், கணினிகளைப் பராமரிக்கும் இயந்திர அறைக்காரர்.

"கோப்புல ஒரு புள்ளி வச்சுச் சேமிங்க" என்றார் அண்ணி. அவள் சேமித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. பதிவில் பத்து!

கொழுந்தன் ஓடிப்போய் ஒரு மேசைமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தில் காதை வைத்தான். "அண்ணி, இது ஓடுது!"

"தெரியும், இறங்கு" என்ற அண்ணி இயந்திர அறைக்காரர் பக்கம் திரும்பினார். "பதிவு எந்தக் கணினியில இருக்கு?"

"விருந்தாளிக் கணினியிலதான். திங்கட்கிழமை காலையில நான்தான் அமைச்சேன்."

"கையேட்டோட வரைவைப் பார்த்தா?"

"கையேட்டை எல்லாம் யாருங்க படிக்கிறா?" என்று சிரித்தார் அவர்.

"அதைத் தினமும் நிறுத்துவீங்களா?"

"மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும். நகல் எடுக்க."

"இன்னிக்கு வெள்ளி. அஞ்சு மதியம், அஞ்சு மணி நேரம் பின்தங்கியிருக்கு. நேத்து காலையில மூணு மதியம்தான் ஆகியிருந்தது. எட்டரையோட மூணைக் கூட்டு."

"பதினொன்றரை!" கொழுந்தன் கத்தியே விட்டான்.

"சார், நேத்து பதினொன்றரைக்கு இவங்க எங்க இருந்தாங்க?"

மேலாளருக்கு முகம் வெளிறியது. "என் அறையில. பதினொண்ணுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் எதிர்லதான் உட்கார்ந்திருந்தாங்க."

அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் அவளுக்கு ஒரு நாற்காலியைப் போட்டான்.

"அப்போ யார் அழிச்சது?" என்றார் மேலாளர்.

"இயந்திர அறைக்காரர் இல்ல. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கலைங்கிறதுக்கு இந்தக் கடிகாரமே சாட்சி." அண்ணி இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். "இவங்க எழுதின பிரதியில கடைசி வரி மட்டும் நாற்பத்து மூணாம் பக்கத்துக்கு வழிஞ்சிருக்கு. வெளிவந்ததுல பக்கம் கச்சிதம். ஒரே பக்கத்துல அடக்கியாக வேண்டிய வேலை யாருக்கு?"

எல்லார் கண்களும் கத்திரியிடம் போயின.

"ஒரே ஒரு வரிதானேன்னு எடுத்துட்டேன்" என்றார் அவர், தலை நிமிராமல். "கடிகாரம் தானா ஓடப்போகுதுன்னு நினைச்சேன். பதிவுல எட்டரைன்னு பார்த்ததும் தப்பிச்சோம்னு வாயை மூடிக்கிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

மேலாளர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். பிறகு சுவரில் தொங்கிய தன் கட்டளையையும் தானே கழற்றினார். இயந்திர அறைக்காரர் அசடு வழிய நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்த அமைப்பை எப்படிப் போடறதுன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

அவள் படித்தாள், அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பதிவின் கடிகாரம் துள்ளி வந்து சுவர்க் கடிகாரத்தோடு சேர்ந்துகொண்டது. மணி நாலு.

"இது கையேட்டுல எங்க வரும்?" என்று தணிந்த குரலில் கேட்டார் மேலாளர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"நாற்பத்திரண்டாம் பக்கம், சார். முதல் வரி."