அழைத்தால் வருபவள்

பிற்பகல் பணிமாற்றத்துக்குச் சற்று முன்பாகவே பொறுப்புச் செவிலி இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டார். வெளியே மழை விட்டிருந்தது. உள்ளே, நீண்ட வார்டு முழுவதும் ஈரத்துணியும் பினாயிலும் கலந்த வாடை. இருபுறமும் கட்டில்கள், கடைசிக் கட்டிலுக்கு அப்பால் துணி அறை. அதன் கதவு சாத்தியிருந்தது. சாத்தியே இருக்கட்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அந்த அறையில்தான் பம்பரம் இறந்துபோனாள்.

பம்பரம் என்பது வார்டு வைத்த பெயர். அந்தச் செவிலி ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. சுற்றுவதை நிறுத்தினால் விழுந்துவிடுவாள் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களுள் பொறுப்புச் செவிலியும் ஒருவர். யாராவது விடுப்பு எடுத்தால் அவளைத்தான் அழைப்பார். மற்றவர்களை அழைத்தால் காரணம் கேட்பார்கள், சமாதானம் சொல்ல வேண்டும். இவளிடம் அந்தச் சிரமம் இல்லை. "வரேன்க்கா" என்பாள், வந்துவிடுவாள்.

கடைசியாக வந்தது தன் வார விடுமுறை நாளில். காலைப் பணி முடிந்ததும் எதிரே வந்து நின்று, "அக்கா, போகட்டுமா?" என்று கேட்டாள்.

"சாயங்காலத்துக்கும் ஆள் இல்லம்மா. இன்னிக்கு மட்டும்."

மாலைப் பணியும் முடிந்து, செருப்பு மாற்றத் துணி அறைக்குள் போனவள், அடுக்கிய போர்வைகளில் நெற்றியைச் சாய்த்தபடியே இறந்திருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று எவரும் கேட்கவில்லை.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. செவிலியர்களின் பணிச்சோர்வைத் தவிர்க்க ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. வந்த பயிற்றுநர் ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மனச்சுமையை அதற்குள் ஊதச் சொன்னார். வகுப்பு, பணி நேரம் முடிந்த பிறகு நடந்தது. வராதவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

மழை விட்டிருந்த அந்தப் பிற்பகலில், மாலைப் பணிக்கு வர வேண்டியவள் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். பொறுப்புச் செவிலி ஒரு கையில் மருந்துத் தட்டுடன் மறு கையால் கைப்பேசியை எடுத்தார். விரல், பார்க்காமலே, பழகிய இடத்தில் அழுத்தியது. மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் யாரை அழைக்கிறோம் என்பது உறைத்தது.

துண்டிப்பதற்குள் மறுமுனையில் எடுத்தாயிற்று.

பேச்சில்லை. துணிகளுக்குள்ளிருந்து வருவதைப் போன்ற அமுங்கிய மூச்சு மட்டும்.

பிறகு, மெதுவாக:

"வரேன்க்கா."

தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது.

அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அந்த வேறு யாரோ தம்மை ஏன் அக்கா என்று அழைக்க வேண்டும் என்ற கேள்வியை வேலை விழுங்கிவிட்டது. கீழேயிருந்து வந்த புது நோயாளியைச் சேர்த்துக்கொண்டு, சிதறியவற்றைப் பொறுக்கி, ஊசிகளுடன் வரிசையைத் தொடங்கும்போது வெகுநேரமாகியிருந்தது. முதல் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், வாய் ஓயாதவர்.

"மறுபடியுமா? இப்பத்தானே குத்துனாங்க."

"யாரு?"

"அந்த ஒல்லிப் பொண்ணு. நீங்க கியர் மாத்துறதுக்குள்ள அது மூணு ஸ்டாப் தாண்டிடுது சிஸ்டர். ஆனா கை மட்டும் ஐஸ் கட்டி. ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

ஓட்டுநரின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஈரம் காயவில்லை.

அடுத்த கட்டில், அதற்கடுத்தது. எல்லாருக்கும் எல்லாம் முடிந்திருந்தது. சொட்டு மருந்துப் புட்டிகள் மாற்றப்பட்டிருந்தன. பக்கவாதம் வந்த பெரியவர், முதுகில் புண் வராதபடி ஒருக்களித்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணைகூட மறக்கப்படவில்லை.

வார்டின் கோடியில் துணி அறைக் கதவு திறந்திருந்தது.

அவர் பயந்தார், பயந்தது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைத்தான் பின்னாளில் அவரால் மன்னிக்க முடியவில்லை. எதிர் நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு, தேநீரைச் சூடு ஆறுவதற்கு முன் குடித்து முடித்தார்.

நேரத்துக்கு வீடு திரும்பியவரைப் பார்த்துக் கணவர் வியந்தார். "என்ன, ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்டாங்களா?"

"ஆள் வந்துச்சு."

"அப்பாடா. யாரு பெத்த புள்ளையோ, விட்டுடாதே."

விடவில்லை. அடுத்த முறை ஆள் குறைந்தபோது, இரு கைகளும் காலியாக இருக்க, எண்ணைப் பார்த்தே அழுத்தினார்.

"வரேன்க்கா."

அதன் பிறகு அது வழக்கமாயிற்று. நோயாளிகள் அழைக்கும் மணிகள் ஒரு முறைக்கு மேல் அடிப்பதில்லை. வார்டின் குறுக்கே யாரோ விரையும் காற்று மட்டும் படும். திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பொறுப்புச் செவிலி பழகிக்கொண்டார். நிர்வாக அலுவலர் மாடிக்கே வந்து பாராட்டினார்.

"ரெண்டு பேர வச்சே இவ்வளவு அழகா ஓட்டுறீங்களே! அதான், அந்தக் காலி இடத்த நிரப்ப வேண்டாம்னு மேல சொல்லிட்டேன்."

பொறுப்புச் செவிலி வாயைத் திறந்தார். உண்மையைத் தாங்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட அமையவில்லை.

"சரிங்க சார்" என்றார்.

ஓட்டுநர் ஒருவர்தான் கேலியைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் பொறுப்புச் செவிலியை அருகில் அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல போல சிஸ்டர். முன்ன மாதிரி ஓட்டம் இல்ல. சுவத்தப் பிடிச்சுப் பிடிச்சு வருது. கொஞ்சம் உட்காரும்மான்னேன்."

"என்ன சொன்னா?"

"அக்காவக் கேக்கணும்னுச்சு."

அன்று மாலைக்கு முன்பே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. போர்வை தேவைப்பட்டது. பொறுப்புச் செவிலி துணி அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டார்; எரியவில்லை. சலவைச் சோடாவின் வாடைக்கு அடியில், பிணவறைக் கதவைத் திறந்தால் காலில் வந்து மோதுமே, அந்தக் குளிர்.

அடுக்குகளுக்கு நடுவே ஒருத்தி நின்றிருந்தாள்.

முதுகு மட்டும் தெரிந்தது. நெற்றி போர்வைகளில் புதைந்திருந்தது. பாதங்கள் வீங்கி, செருப்பு வார்களுக்கு இடையே பிதுங்கியிருந்தன.

நின்றபடியே தூங்குகிறாள் என்று தோன்றியது.

தூங்கவில்லை.

"அக்கா." குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. "போகட்டுமா?"

ஓர் எழுத்து போதும். போ. அது தொண்டைவரை வந்தது, உதடுகூடக் குவிந்தது. அந்தக் கணத்தில் வார்டில் மணி அடித்தது. உடனே இன்னொன்று. மின்தூக்கி திறந்து ஸ்ட்ரெச்சர் உருளும் ஓசை. "சிஸ்டர்! யாராவது வாங்க, சிஸ்டர்!" என்று ஒரு பெண் அலறினாள்.

"இன்னிக்கு மட்டும்மா" என்றார் பொறுப்புச் செவிலி.

போர்வைகளிலிருந்து நெற்றி மெல்லப் பிரிந்தது.

"சரிக்கா."

அவள் திரும்புவதற்குள் அவர் வெளியே ஓடிவிட்டார். அந்த முகத்தைப் பார்க்கும் துணிவு அவருக்கு இல்லை, உரிமையும் இல்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றார். முதல் முறை அந்தச் சொற்களைச் சொன்னபோது அவள் இறப்பாள் என்பது தெரியாது. அதைச் சொல்லி மனத்தை ஓரளவு தேற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை, அவள் இறந்திருப்பது தெரிந்தே சொன்னார். இதற்கு எந்தத் தேறுதலும் கிடைக்கவில்லை.

காலையில் நேராக நிர்வாக அலுவலரிடம் போனார்.

"பாதிக் கட்டில மூடணும் சார். இல்ல, ஆள் குடுங்க."

"இத்தன நாள் நடந்துச்சே?"

"நடத்துனது நான் இல்ல."

"பின்ன யாரு, பேயா?" அலுவலர் சிரித்தார். பொறுப்புச் செவிலி சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க. அந்தப் பலூன் வகுப்பு மறுபடி நடக்குது. நீங்க போயிட்டு வாங்களேன்."

அவர் வார்டுக்குத் திரும்பிப் பாதிக் கட்டில்களில் இருந்தவர்களை மற்ற வார்டுகளுக்கு அனுப்பிவிட்டு, மெத்தைகளைத் தாமே சுருட்டினார். கட்டில் இல்லை என்று கீழே சொல்லியனுப்பினார். பிறகு துணி அறை வாசலில் நின்றார்.

"நீ போம்மா" என்றார். "வீட்டுக்குப் போ. இனிமே கூப்பிட மாட்டேன். யாரு கூப்பிட்டாலும் வராதே. என்னைய... நீ போ."

மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் தொடங்கினார். அதுவும் அவளுக்கு இன்னொரு வேலை என்று பட்டதால் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே ஏதோ அசைந்தது.

இழுத்து இழுத்து வைக்கும் காலடி. அவர் தோளை உரசிக்கொண்டு குளிர் கடந்தது. வார்டின் நீளத்தைக் கடந்து, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கித் தேய்ந்தது. ஓட்டுநர் வாசலைப் பார்த்துக் கையசைத்தார்.

அன்று மணிகள் நெடுநேரம் அடித்தன. மருந்துகள் தாமதமாயின, சிலர் திட்டினார்கள். ஆயினும் எவரும் சாகவில்லை. பொறுப்புச் செவிலி கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை நீக்கிவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். காரணம், பணிச்சோர்வு. அப்படியொன்று இருப்பதாக நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

விடுப்பின் முதல் மாலையில், கணவர் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினார். பேசியவள், இவர் இடத்துக்கு வந்திருக்கும் புதிய பொறுப்புச் செவிலி. குரலில் உற்சாகம் வழிந்தது.

"அக்கா, எப்படி இருக்கீங்க? இங்க எல்லாக் கட்டிலையும் திறக்கச் சொல்லிட்டாங்க. ஆள் இல்லாம என்ன பண்றதுன்னு மதியம் தலையப் பிச்சுக்கிட்டு நின்னேன்."

"கூப்பிடாதே" என்றார் இவர். "எந்தப் பழைய நம்பரையும் கூப்பிடாதே."

"நான் எங்கக்கா கூப்பிட்டேன்? சும்மா வாய்விட்டுப் புலம்புனேன், அவ்வளவுதான். ஒரு பொண்ணு தானா வந்து நின்னா. ஒல்லியா. பேரு கேட்டா சிரிக்கிறா. ஆனா என்ன வேலை, என்ன வேலை! தங்கம்க்கா."

மறுமுனையில் மணி ஒன்று அடித்து உடனே அடங்கியது.

"அவள வீட்டுக்கு அனுப்பு. இப்பவே."

"நல்லா இருக்கே! இப்படி ஒரு ஆள யாராவது அனுப்புவாங்களா? நாளைக்கும் வரச் சொல்லிட்டேன்."