சுவரோரத்துச் சிவப்பு

“நான் பேசிண்டே இருக்கேன், நீங்க அவளையே பாத்துண்டு...”

“அவ இல்லை ஜலஜா, அது லேண்ட்ஸ்கேப். நான் பாக்கறது அந்த வெளிச்சத்தை...”

“வெளிச்சத்துக்கு இடுப்பு இருக்கா?”

மகாதேவன் சிரித்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன்பு, பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது வாங்கி வந்த படம். ஆல்ஃபிரட் தோர்ன் என்ற ஆங்கிலேயன் நூறு வருஷத்துக்கு முன் வரைந்தது. மழைக்கு இருண்ட பள்ளத்தாக்கு, கற்சுவர், சுவரோரம் கட்டைவிரல் உயரத்தில் சிவப்புச் சால்வையோடு முதுகு காட்டி நிற்கும் ஒருத்தி. தினமும் வேலை முடிந்து ரயிலில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன் உட்கார்ந்துவிடுகிறார்.

“நாப்பது வருஷம் இந்தப் பள்ளத்தாக்கைத்தான் வரைஞ்சிருக்கான்,” என்றார், படத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டியபடி. “இத்தனை பச்சைக்கு நடுவில ஒரு பொட்டு சிவப்பு இல்லேன்னா படம் செத்துடுமாம். அதுக்காகப் பொண்டாட்டியை மழையில நிக்க வெச்சான். நிமோனியாவில போய்ட்டா. மறு வருஷம் ரெண்டாவது பொண்டாட்டி. அதே சால்வை, அதே இடம். அந்த இடத்தை மட்டும் அவன் காலியா விட்டதே இல்லை.”

“என்னை எப்போ கடைசியா இப்படிப் பாத்தேள்?”

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

மறுநாள் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிட்டது. டிசம்பர். ஹீட்டர் எங்கோ சுவருக்குள் முனகிக்கொண்டிருக்க, நனைந்த கம்பளியின் வாடை ஹால் முழுக்கப் பரவியிருந்தது. ஜலஜா அலமாரியைத் திறந்து கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் உலர்ந்திருந்தன. வாடை படத்திலிருந்து வந்தது.

கார் ஓட்டத் தெரியாத அவள், பகல் முழுக்க வாயைத் திறக்காமல் காத்திருப்பது அந்த ஒரு மனிதர் வரும் ரயிலுக்காக. அவரையும் இந்தச் சால்வைக்காரி எடுத்துக்கொண்டாள்.

“போதும்டி, நீ நின்னது,” என்றாள். நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து அந்தச் சிவப்பின் மேல் அழுத்தினாள். நேற்று வரைந்தது போல் ஈரமாகக் கழன்று வந்தது. அடியில் படம் வரைந்த வெறும் துணி தெரியும் என்று நினைத்தாள். இல்லை. சுவரின் கற்கள் தெரிந்தன. அந்தச் சால்வைக்காரி நின்ற இடத்தில் புல் மிதிபட்டுப் படுத்திருந்தது.

ஹீட்டர் நின்றது.

காற்று. முகத்தில் தூறல். காலடியில் கார்ப்பெட் இல்லை. சேறு. திரும்பிப் பார்க்க முயன்றாள். கழுத்து அசையவில்லை. கண்ணெதிரே கற்சுவர். தோளில் ஏதோ கனத்தது. கம்பளி. ஈரம்.

முதுகுக்குப் பின்னால், வெகு தூரத்தில், கதவு திறந்தது. அவருடைய ஷூ சத்தம். அப்புறம் இன்னொரு சத்தம், கார்ப்பெட்டில் ஈரக்கால் வைத்து யாரோ நடப்பது போல.

“வாங்கோ. காபி கலக்கட்டுமா?”

ஜலஜாவின் குரல். ஆனால் பேசியது அவள் இல்லை.

கோட்டைக் கழற்றும் சரசரப்பு. படத்தின் முன்னால் நாற்காலி இழுபடவில்லை. பிறகு அவர் சொன்னார், மெதுவாக, வருஷக்கணக்கில் அவள் கேட்காத குரலில்: “உன்னைப் பாத்துண்டே இருக்கலாம் போலருக்கு ஜலஜா.”

மழை வலுத்தது.

“ஏன்னா! நான் இங்கே இருக்கேன்,” என்றாள் ஜலஜா, கற்சுவரைப் பார்த்தபடி.