துத்தநாகம் ஏறிய தண்ணீர்

கடல் ஆய்வுக்கூடத்துப் பெண் வந்து உட்கார்ந்தபோதே துப்பறிவாளருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஊரே அவரைக் கொட்டாவியார் என்றுதான் சொல்லும். அவருடைய மைத்துனனுக்கோ புது வழக்கென்றால் தலைகால் புரியாது.

"என் வேலை போகப் போகுது சார். ஆழ்கடல்லேர்ந்து கொண்டுவந்த தண்ணியில துத்தநாகம் கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. நான்தான் அசுத்தமாக்கிட்டேன்னு எங்க தலைவர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்."

"யாரோ வேணும்னே கலந்திருக்காங்க, அத்தான்!" என்று மைத்துனன் துள்ளினான்.

"முதல்ல போய்ப் பார்ப்போம்," என்று அலுப்போடு எழுந்தார் கொட்டாவியார்.

ஆய்வுக்கூடத்தில் அளவுகளைக் கோடாக வரைந்த படத்தைக் காட்டினார்கள். கடல்நீரில் துத்தநாகம் மேலே துளியூண்டு இருக்கும். ஆழம் போகப் போகக் கூடும். இங்கே கோடு பல் விழுந்த சீப்பாக ஏறி இறங்கியது. இரும்பின் கோடு மட்டும் ஒழுங்காக இருந்தது.

தலைவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினார். வேர்க்குருவுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பு சட்டைக் காலரிலும் ஒட்டியிருந்தது. "கசிவுன்னு சாக்கு சொல்ல முடியாது. கப்பல்ல ஒவ்வொரு பாட்டில் மூடியையும் நானே இறுக்கினேன். இவங்களை நம்பினா முடியுமா?"

கொட்டாவியார் நாற்காலியில் சாய்ந்தார். குற்றவாளியே இல்லாத வழக்குகள்தான் அவரை அதிகம் களைப்பாக்கும்.

"தண்ணி கெடாம இருக்கச் சேர்க்குற அமிலம் கெட்டிருந்தா எல்லா பாட்டில்லயும் ஒரே அளவு ஏறியிருக்கும். துரு விழுந்திருந்தா இரும்பும் ஏறியிருக்கும். துத்தநாகம் மட்டும், அதுவும் தாறுமாறா ஏறியிருக்குன்னா, அது ஒருத்தர் கை பட்டதாலதான். இந்தம்மா கையுறை இல்லாம தொடுறதில்லை. நீங்க?"

"மூடியை வெளியிலதானே தொட்டேன்?"

"இங்க திறக்கும்போது மூடியில ஒட்டின களிம்பு உள்ள இறங்கியிருக்கும். கப்பல்லயும் இதைத்தானே பூசினீங்க?"

தலைவர் பையிலிருந்து களிம்புக் குழாயை எடுத்துப் படித்தார். மருந்தின் பெயரே துத்தநாகத்தில்தான் தொடங்கியது. அவர் முகம் செத்துப்போயிற்று.

மைத்துனனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ திருடனே இல்லையா அத்தான்?"

"தப்பு என்னோடதுதாம்மா," என்றார் தலைவர் மெல்ல. "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. போய் நிம்மதியா இரு."

அவள் நகரவில்லை.

"திட்டினது எல்லார் முன்னாடியும் சார்."

தலைவர் எழுந்து கதவைத் திறந்து, எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.