பக்கத்து வீட்டு நோய்

காலையில் பல் துலக்கிய கையோடு இருமல்விழுங்கிக்கு மின்னேற்றிக்கொள்வது செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வழக்கம். தொண்டைக்குள் பொருத்திய அரிசிமணி அளவுக் கருவி அது. இருமலை எழும் இடத்திலேயே அமுக்கிவிடும். பூமியில் ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட காசநோய் கப்பலேறி வந்து, ஒரே காற்றை ஊரே சுற்றிச் சுற்றிச் சுவாசிக்கும் அந்தக் குமிழியில் சௌகரியமாகக் குடியேறியிருந்தது. கருவி நோயைத் தொடாது, சத்தத்தை மட்டும் விழுங்கும். இருமினால்தானே நாலு பேர் பேசுவார்கள்?

மங்கையர்க்கரசி தன் மகள் இளவேனிலுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதைப் பொருத்தினாள். "பொண்ணு ஒரு செருமல்கூடச் செருமலையே" என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள். மூன்றாம் மாதம் பெண் எலும்பும் தோலுமாக வந்து நின்றாள். கைக்குட்டையில் ரத்தம். மங்கையர்க்கரசி மருந்தகத்துக்கு ஓடினாள்.

மருந்தகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கினால் நோய் தீரும், அதுவும் இலவசம். தன் வீட்டு நோயாளியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்று மாலைக்குள் ஒரு பெயராவது பதிவாகாவிட்டால் நோயே இல்லையென்று அந்த மாத்திரை செய்யும் மருந்தாலையை மூடிவிடுவார்கள்.

"நோயாளியின் பெயர்?" என்றது பெயர் பதியும் எந்திரன்.

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள்.

"அட, சம்பந்தியம்மாவா?" பின்னால் நின்றவள் மாப்பிள்ளையின் அம்மா கோமளவல்லி.

நுனிநாக்குவரை வந்த பெயர் உள்ளே போய்விட்டது. "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்றாள்.

"அந்த வீட்டாரையே வரச் சொல்லுங்கள். அடுத்தவர்?"

கோமளவல்லியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. "எங்க வீட்ல யாருக்கு என்ன கேடு? பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான்."

மங்கையர்க்கரசிக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கும் அதே கதிதான். ஒரு சொல் சொன்னால் இரண்டு பிள்ளைகளும் பிழைப்பார்கள். சொல்ல வாய் இருந்தது, ஆனால் பாழாய்ப்போன மானமும் இருந்ததே.

ஐந்து மணிக்கு எந்திரன் அறிவித்தது. "இன்று வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அனைவரும் பக்கத்து வீட்டுக்காக. சொந்த வீட்டில் நோயாளி எவருமில்லை. ஆகவே நான்காம் குமிழியில் காசநோய் ஒழிந்தது. மருந்தாலை மூடப்படுகிறது."

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

மங்கையர்க்கரசியும் தட்டினாள். தட்டாமல் நின்றால் சம்பந்தி என்ன நினைப்பாள்?